செடி ஏன் ஆர்என்ஏவை நறுக்குகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் வைரஸ் தாக்கிய செடிகளைப் பற்றிச் சொல்லும்போது, "டைசர் என்ற நொதி வைரஸின் ஆர்என்ஏவை 21 எழுத்துத் துண்டுகளாக நறுக்கும், அந்தத் துண்டுகளே பிறகு வைரஸைத் தேடிப் பிடிக்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை, அதனால் இந்த முறை வேறு எதையும் தொடாமல் அதையே எடுத்துக்கொள்கிறேன். ஆர்என்ஏ இழையின் அலகை நியூக்ளியோடைடு என்று ஒவ்வொரு முறையும் எழுதினால் உங்களுக்கும் அலுத்துவிடும், எனக்கும் அலுத்துவிடும். 'எழுத்து' என்றே வைத்துக்கொள்வோம்.

கே: நறுக்கிப் போட்ட துண்டு குப்பைதானே? அது எப்படி ஒரு மரபணுவைக் கட்டுப்படுத்தும்?

ப: பெரும்பாலும் குப்பைதான். வேலை முடிந்த செய்தி ஆர்என்ஏவை (புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுக்கும் நகல்)த் தின்று தீர்ப்பதற்கென்றே செல்லில் நொதிகள் இருக்கின்றன, அவை ஓரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு எழுத்தாக உதிர்த்துவிடும். டைசர் அந்த வகை இல்லை. அது இரட்டை இழையாக இருக்கும் ஆர்என்ஏவை மட்டும் எடுத்து, ஒரே நீளத்தில் வெட்டி, இரண்டு இழைகளும் சேர்ந்தபடியே வெளியே விடுகிறது. அந்தச் சிறு துண்டை ஆர்கோநாட் என்ற இன்னொரு புரதம் வாங்கிக்கொண்டு, ஓர் இழையை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிகிறது. (எந்த இழையின் தொடக்க முனை தளர்வாக ஜோடி சேர்ந்திருக்கிறதோ, பொதுவாக அதுதான் தங்கும்.) இப்போது ஆர்கோநாட்டின் கையில் 21 எழுத்தில் ஒரு துப்பு இருக்கிறது. அந்தத் துப்புக்குப் பொருந்தும் வரிசை எந்தச் செய்தி ஆர்என்ஏவில் இருக்கிறதோ அதைப் பிடித்து, துப்பின் 10-வது, 11-வது எழுத்துகளுக்கு எதிரே ஒரே வெட்டு. இரண்டாக அறுந்த செய்தியை வைத்துப் புரதம் செய்ய முடியாது, மரபணு டிஎன்ஏவில் பத்திரமாக இருந்தும் அதன் குரல் வெளியே கேட்காது.

21 எழுத்து போதுமா என்று சிலருக்குத் தோன்றலாம். நான்கு வகை எழுத்துகளை 21 இடங்களில் அடுக்க 4 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. தற்செயலாக வேறொரு செய்தியோடு முழுக்கப் பொருந்திப்போகும் வாய்ப்பு மிகக் குறைவு. செடிகளின் துண்டுகள் தங்கள் இலக்கோடு கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றன. விலங்குகளின் மைக்ரோ ஆர்என்ஏக்களோ (சொந்த மரபணுக்களிலிருந்து வரும் இதே மாதிரிச் சிறு துண்டுகள்) முன்பகுதியில் ஏழெட்டு எழுத்து பொருந்தினாலே வேலையைக் காட்டிவிடும்.

கே: அது ஏன் சரியாக 21? யார் உட்கார்ந்து எண்ணுகிறார்கள்?

ப: வந்த கேள்விகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். யாரும் எண்ணுவதில்லை, அளக்கிறார்கள். தையல்காரர் துணியின் ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, இங்கிருந்து இவ்வளவு தூரம் என்று கத்தரியை வைப்பார் இல்லையா, டைசரும் அதையேதான் செய்கிறது. அதன் ஒரு முனையில் 'பாஸ்' என்றொரு பகுதி, இரட்டை இழை ஆர்என்ஏவின் நுனி போய் உட்கார்வதற்கு ஏற்ற ஒரு பள்ளத்தோடு. கொஞ்சம் தள்ளி இரண்டு வெட்டும் பகுதிகள், ஆர்என்ஏஸ் 3 என்று பெயர். நுனி உட்கார்ந்த இடத்துக்கும் வெட்டும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் துண்டின் நீளம். இரட்டை இழை ஆர்என்ஏவில் ஓர் எழுத்து கிட்டத்தட்ட 0.28 நானோமீட்டர் எடுத்துக்கொள்ளும், ஆகவே 21 எழுத்து என்பது சுமார் 6 நானோமீட்டர். இந்த அளவுகோல் யோசனையைக் கண்ணால் பார்க்கும்படி காட்டியது செடியின் டைசர்கூட இல்லை, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியின் டைசர். 2006-இல் அதன் வடிவம் தெரியவந்தபோது பள்ளத்துக்கும் கத்திக்கும் நடுவே 6.5 நானோமீட்டர் இருந்தது, அது வெட்டும் துண்டும் 25 எழுத்துக்குக் குறையாமல் கொஞ்சம் நீளமாகவே இருக்கிறது. கணக்கு சரியாக வருகிறது பாருங்கள்.

வெட்டும் பகுதிகள் இரண்டு என்றேனே, ஒவ்வொன்றும் ஓர் இழையை மட்டும்தான் வெட்டும், அதுவும் நேருக்கு நேர் இல்லாமல் இரண்டெழுத்து தள்ளி. அதனால் துண்டின் ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு எழுத்து நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டல்தான் டைசர் வெட்டியது என்பதற்குக் கைரேகை. நீளமான ஆர்என்ஏவாக இருந்தால், ஒரு துண்டு போனதும் மிச்சத்தின் புது நுனியிலும் அதே நீட்டல் இருக்கும், அதைப் பிடித்து அடுத்த 21, பிறகு அடுத்த 21. சில செடி மரபணுக்களிலிருந்து வரும் துண்டுகளை வரிசையில் வைத்துப் பார்த்தால் இடைவெளி தவறாமல் 21, 42, 63 என்று போகும், ரயில் பெட்டி மாதிரி.

கே: மனிதனுக்கு ஒரே ஒரு டைசர்தானாம். அரபிடாப்சிஸ் என்ற துக்கடாச் செடிக்கு நான்கா? எதற்கு?

ப: ஆமாம், நான்கு. டைசரைப் போன்றவை என்ற பொருளில் டிசிஎல்1 முதல் டிசிஎல்4 வரை பெயர். ஒவ்வொன்றின் அளவும் வேறு, எடுத்துக்கொள்ளும் சரக்கும் வேறு, வெட்டிய துண்டு போய்ச் சேரும் இடமும் வேறு. நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவதும் இதைத்தான்: துண்டின் நீளமே பெரும்பாலும் அதன் முகவரி.

டிசிஎல்1 வெட்டுவது 21 எழுத்து. செடியின் சொந்த மரபணுக்களிலிருந்து வரும், கொண்டை ஊசி போல மடிந்த ஆர்என்ஏக்களை எடுத்து மைக்ரோ ஆர்என்ஏ ஆக்குவது இதன் வேலை. விலங்குகளில் இந்த வேலை இரண்டு பேருக்குப் பிரிக்கப்பட்டிருக்கிறது, உட்கருவில் ட்ரோஷா என்ற நொதி முதல் வெட்டு, வெளியே வந்ததும் டைசர் இரண்டாம் வெட்டு. செடியில் டிசிஎல்1 ஒருவரே உட்கருவுக்குள்ளேயே இரண்டையும் முடித்துவிடுகிறார், ஹைல்1, செரேட் என்று இரண்டு உதவியாளர்களோடு. கொண்டை ஊசியில் எங்கே ஆரம்பிப்பது என்பதிலும் ஒழுங்கு இருக்கிறது. பல ஊசிகளில் காம்புப் பக்கம் சுமார் 15 எழுத்து விட்டு முதல் வெட்டு, அங்கிருந்து 21 அளந்து அடுத்தது. மைக்ரோ ஆர்என்ஏ 319 போன்ற நீள ஊசிகளில் இது தலைகீழ், வளைவுப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே கீழே இறங்கும்.

டிசிஎல்4-உம் 21 எழுத்துதான் வெட்டும், ஆனால் அதன் சரக்கு நீளமான இரட்டை இழை ஆர்என்ஏ, குறிப்பாக வைரஸ்களுடையது. டிசிஎல்2 வெட்டுவது 22. டிசிஎல்4 முடங்கினால் கைகொடுக்கும் மாற்று ஆட்டக்காரர் என்று இதைச் சொல்லலாம், ஆனால் 22 எழுத்துத் துண்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது பிடித்த இலக்கை வெட்டுவதோடு விடாமல், அந்த இலக்கையே இரட்டை இழையாக்கி இன்னும் நிறையத் துண்டுகள் பிறக்க வழி செய்துவிடும். ஒரே ஓர் எழுத்து கூடியதற்கு இத்தனை வித்தியாசம்.

டிசிஎல்3 வெட்டும் 24 எழுத்துத் துண்டு செய்தி ஆர்என்ஏவைத் தேடிப் போவதே இல்லை. அது ஆர்கோநாட்4-இடம் ஏறி, டிஎன்ஏ இருக்கும் இடத்துக்கே போய் அங்கே மெத்தில் குறி (மரபணுவை அடக்கி வைக்கும் ஒரு வேதி அடையாளம்) போட வைக்கிறது. இடம் விட்டு இடம் தாவும் மரபணுக்கள் செடியின் டிஎன்ஏவில் ஏராளம், அவற்றை அடக்கி வைக்கும் பூட்டு இது.

கே: டிசிஎல்1 இல்லாமல் செடி பிழைக்குமா?

ப: பிழைக்காது. முழுக்க இல்லையென்றால் விதைக்குள்ளிருக்கும் கரு ஆரம்ப நிலையிலேயே நின்றுவிடும். பாதி வேலை செய்யும் டிசிஎல்1 இருந்தால் செடி வரும், ஆனால் பூ கன்னாபின்னாவென்று இருக்கும். இந்த மரபணுவை ஒரு குழு பூவில் கண்டுபிடித்து 'கார்ப்பெல் ஃபேக்டரி' என்று பெயர் வைத்தது, கருவை ஆராய்ந்த இன்னொரு குழு அதையே 'சஸ்பென்சர்1' என்றது, சூலை ஆராய்ந்தவர்கள் வேறொரு பெயர் வைத்தார்கள். யானையைத் தடவிப் பார்த்த கதைதான்.

கட்டுப்பாடு இரு பக்கமும் உண்டு. டிசிஎல்1 அளவுக்கு மீறிப் பெருகினாலும் ஆபத்து என்பதால், அது தானே வெட்டி உண்டாக்கும் மைக்ரோ ஆர்என்ஏ 162, டிசிஎல்1-இன் செய்தியையே பிடித்து அறுக்கிறது. ஆர்கோநாட்1-க்கும் இதே மாதிரி 168 என்று ஒருவர் காவல் இருக்கிறார்.

கே: செய்தி ஆர்என்ஏ ஒற்றை இழைதானே? இரட்டையை மட்டுமே வெட்டும் டைசரிடம் அது எப்படி மாட்டிக்கொள்கிறது?

ப: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். சாதாரணமாக மாட்டாது, அதனால்தான் செடி தன்னைத்தானே நறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறது. ஆனால் ஒரு செய்தி வழக்கத்துக்கு மாறாக ஏராளமாகச் சேர்ந்தாலோ, தலையோ வாலோ அறுந்த பிரதிகள் குவிந்தாலோ, ஆர்டிஆர்6 என்ற நொதி அந்த ஒற்றை இழைக்கு எதிர் இழை எழுதி அதை இரட்டையாக்கிவிடும். அப்புறம் அது டைசரின் தீனி.

1990-இல் வெளியான பெட்டூனியா கதை இதுதான். ரிச்சர்ட் ஜார்கென்சன் குழு ஊதாப் பூவை இன்னும் அடர்த்தியாக்க நினைத்து, நிறமி செய்யும் சால்கோன் சிந்தேஸ் மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்றைச் செடிக்குள் வைத்தது. பூத்தது வெள்ளையும், வெள்ளைத் திட்டுத் திட்டானதும். வைத்த மரபணுவும் ஊமையானது, செடியில் ஏற்கெனவே இருந்ததும் கூடவே ஊமையானது. இன்னொரு குழுவுக்கும் அதே ஆண்டு அதே அனுபவம். ஏன் என்பதற்கான துப்பு 1999-இல்தான் கிடைத்தது: ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கோம்பும், மரபணு ஊமையான செடிகளில் மட்டும் சுமார் 25 எழுத்து நீளமுள்ள சின்ன ஆர்என்ஏக்கள் இருப்பதைக் காட்டினார்கள். (21, 24 என்று துல்லியமாகப் பிரிந்தது பிறகு.) இடையில் 1998-இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரேக் மெல்லோவும் புழுவில் இரட்டை இழை ஆர்என்ஏதான் தூண்டுகோல் என்று நிறுவி, 2006-இல் நோபல் வாங்கினார்கள். பரிசு புழுவுக்குப் போயிற்று, பூ முதலில் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்ற வருத்தம் தாவரவியலாளர்களிடம் உண்டு. எனக்கும் கொஞ்சம் உண்டு.

கே: இத்தனை கத்தரி இருந்தும் செடிக்கு வைரஸ் நோய் வரத்தானே செய்கிறது?

ப: வருகிறது, ஏனென்றால் வைரஸும் சும்மா இருப்பதில்லை. தக்காளிப் புதர்க்குட்டை வைரஸிடம் பி19 என்று ஒரு சின்னப் புரதம் இருக்கிறது. அது இரண்டிரண்டாகச் சேர்ந்து, டைசர் வெட்டிப்போட்ட 21 எழுத்துத் துண்டின் இரு நுனிகளையும் மூடிப் பிடித்துக்கொள்ளும், நீளம் சரியாக இருந்தால்தான் பிடி இறுகும். டைசர் அளந்து வெட்டுகிறது, வைரஸ் அதே அளவை அளந்து திருடுகிறது. ஆர்கோநாட்டுக்குத் துப்பே போய்ச் சேராது. வேறு வைரஸ்கள் வேறு இடத்தில் கை வைக்கின்றன, வெள்ளரி மொசைக் வைரஸின் 2பி புரதம் ஆர்கோநாட்டையே முடக்கும்.

குளிரும் வைரஸுக்குச் சாதகம். 15 டிகிரி வெப்பத்தில் வைரஸுக்கு எதிரான இந்தத் துண்டுகள் மிகக் குறைவாகவே உண்டாகின்றன, 27 டிகிரியில் தாராளமாக. ஆனால் மைக்ரோ ஆர்என்ஏக்கள் இந்த வெப்ப மாற்றத்துக்கு அசைவதில்லை. வளர்ச்சியை நடத்தும் துறை எந்தக் காலத்திலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் இருக்கலாம்.

செடி ஜெயிக்கும் காட்சியும் உண்டு, அது ரொம்பப் பழையது. 1928-இல் விங்கார்ட் என்பவர் வளையப்புள்ளி வைரஸ் தாக்கிய புகையிலைச் செடிகளை விவரித்தார். கீழ் இலைகள் கருகிச் சுருண்டிருக்க, பிறகு வந்த மேல் இலைகள் மாசு மறுவில்லாமல் இருந்தன, அதே வைரஸை மறுபடி தடவினாலும் நோய் வரவில்லை. துண்டுகள் திசுக் குழாய் வழியே முன்னால் ஓடி இளம் இலைகளுக்கு எச்சரிக்கை கொடுத்துவிடுகின்றன என்ற விளக்கம் கிடைக்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கே: சிறு ஆர்என்ஏ எல்லாமே டைசர் வெட்டியது போல எழுதியிருக்கிறீர்கள். டிஆர்என்ஏவிலிருந்து வரும் துண்டுகளை மறந்துவிட்டீர்களா? (உயிரி வேதியியல் மாணவி ஒருவர்)

ப: மறந்துதான் போனேன், குட்டு சரியான குட்டு. புரதம் கட்டும்போது அமினோ அமிலம் சுமந்து வரும் டிஆர்என்ஏவின் நீளம் 75-லிருந்து 90 எழுத்து வரை. செடிகளில் அதை வெட்டித் துண்டாக்குவதில் முக்கியப் பங்கு ஆர்என்ஏஸ் டி2 என்ற வேறொரு குடும்பத்துக்கு என்று 2019-இல் அரபிடாப்சிஸில் காட்டினார்கள். இவற்றிடம் அளவுகோல் கிடையாது, ஒற்றை இழையாகத் திறந்து கிடக்கும் வளைவுகளில் வாய் வைக்கும். டிஆர்என்ஏ இறுக்கமாக மடிந்த மூலக்கூறு என்பதால் திறந்த வளைவு சில இடங்களில்தான் இருக்கிறது, எனவே துண்டுகளும் குறிப்பிட்ட நீளங்களிலேயே விழுகின்றன. இங்கே அளவு கத்தரியில் இல்லை, துணியிலேயே இருக்கிறது.

இந்தக் குடும்பத்தின் மற்ற வேலைகள் எல்லாம் அழிப்பு வேலைகள்தான். பாஸ்பேட் பற்றாக்குறை வந்தால் இந்தக் குடும்பத்து ஆர்என்எஸ்1 பெருகும். பெட்டூனியாவிலும் ஆப்பிளிலும் இதன் உறவினர் ஒருவர் சொந்த மகரந்தத்தின் ஆர்என்ஏவைச் சிதைத்து, தன் மகரந்தத்தால் தானே சூல் கொள்வதைத் தடுக்கிறார். ஆனால் அதே நொதிகள் விட்டுவைத்த டிஆர்என்ஏத் துண்டுகள் சில, ஆர்கோநாட்1-இல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒரு சிக்கல், டி2 வெட்டிய நுனி வளைய வடிவப் பாஸ்பேட்டாக முடியும், டைசர் வெட்டியது அப்படி முடியாது. சிறு ஆர்என்ஏக்களின் எழுத்து வரிசையைப் படிக்கும் வழக்கமான முறை டைசர் நுனிகளை மனதில் வைத்து அமைந்தது, அதனால் இவற்றில் பல வலையில் சிக்காமலே நழுவின.

இதைவிடச் சுவையானது சோயாவின் வேர் முடிச்சு. அதில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாவின் டிஆர்என்ஏத் துண்டுகள் செடியின் செல்லுக்குள் போய், செடியின் ஆர்கோநாட்டையே பிடித்துக்கொண்டு, செடியின் மரபணுக்களை அடக்கி, முடிச்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. இதுவும் 2019-இல் வந்ததுதான். ஒண்ட வந்தவர் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்.

கே: காய்கறியில் உள்ள இந்தத் துண்டுகள் நம் மரபணுக்களை மாற்றுமா? வாட்ஸப்பில் வந்தது.

ப: மாற்றாது. 2012-இல் ஓர் ஆய்வு, அரிசியின் மைக்ரோ ஆர்என்ஏ 168 மனித ரத்தத்தில் இருப்பதாகவும் கல்லீரலில் ஒரு மரபணுவை அடக்குவதாகவும் சொல்லிப் பெரிய பரபரப்பைக் கிளப்பியது. பிறகு பல குழுக்கள் முயன்றும் அந்த விளைவு கிடைக்கவில்லை. செடியின் துண்டுகளுக்கு நுனியில் ஹென்1 என்ற நொதி ஒரு மெத்தில் மூடி போட்டிருக்கும், அதனால் அவை கொஞ்சம் கெட்டியானவை என்பது உண்மை. ஆனால் சாப்பாட்டிலிருந்து குடலைத் தாண்டி ஒரு செல்லுக்குப் போய்ச் சேரும் எண்ணிக்கை, ஒரு மரபணுவை அடக்கத் தேவையானதற்குப் பக்கத்தில்கூட வராது. அனுப்பியவரை மன்னித்துவிடுங்கள்.

கே: சரி, இதையெல்லாம் வைத்து விவசாயத்துக்கு என்ன லாபம்?

ப: தெரியாமலே லாபம் பார்த்த கதை முதலில். 1998-இல் ஹவாயில் வளையப்புள்ளி வைரஸைத் தாங்கும் பப்பாளி பயிருக்கு வந்தது. வைரஸின் மேலுறைப் புரதத்தைச் செடியே செய்தால் வைரஸ் உள்ளே வராது என்று நினைத்துத்தான் அந்த மரபணுவை வைத்தார்கள், உண்மையில் காப்பாற்றியது புரதம் இல்லை, அந்த ஆர்என்ஏவை நறுக்கிய துண்டுகள்.

இப்போது மரபணுவைத் தொடாமலே இரட்டை இழை ஆர்என்ஏவைத் தெளிக்கும் வழி வந்திருக்கிறது. வெறும் ஆர்என்ஏ இலை மேல் அதிக நாள் நிற்காது, களிமண் போன்ற மெல்லிய தகடுகளில் ஏற்றித் தெளித்தால் ஒரே தெளிப்பில் 20 நாள் வரை வைரஸ் பாதுகாப்பு கிடைத்ததாக 2017-இல் காட்டினார்கள். 2023 இறுதியில் அமெரிக்கா, உருளைக்கிழங்கை மொட்டையடிக்கும் கொலராடோ வண்டுக்கு எதிராக லெட்ப்ரோனா என்ற தெளிப்பை அனுமதித்தது. இலையைத் தின்ற வண்டின் குடலில் வண்டின் சொந்த டைசரே அதை நறுக்கி, வண்டுக்குத் தேவையான மரபணு ஒன்றை அடக்கிவிடும். எழுத்து வரிசை பொருந்தாத பூச்சிக்கு ஒன்றும் ஆகாது என்பது இதன் பெரிய வசதி. தன் சொந்தக் கத்தரிக்கே வண்டு ஒருநாள் எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளலாம் என்பதால் இதையும் கண்மூடித்தனமாக அடிக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

கே: ஆய்வகம் இல்லாமல் இதைக் கண்ணால் பார்க்க ஏதாவது வழி?

ப: இருக்கிறது. சோயா விதை ஏன் மஞ்சளாக இருக்கிறது தெரியுமா? காட்டுச் சோயாவின் விதை கறுப்பு. பயிராகும் மஞ்சள் சோயாவின் விதைத் தோலில், அதே சால்கோன் சிந்தேஸ் மரபணு, பெட்டூனியாவில் ஊமையானதே அது, சிறு ஆர்என்ஏத் துண்டுகளால் அடக்கப்பட்டுக் கிடக்கிறது. யாரும் ஆய்வகத்தில் செய்ததல்ல, அந்த மரபணுவின் பிரதிகள் டிஎன்ஏவில் எதிரெதிராகத் திரும்பி அமைந்ததால் தானாக வந்தது. இந்தச் செடியை சோயா மொசைக் வைரஸ் தாக்கினால், வைரஸ் தன்னைக் காத்துக்கொள்ள நறுக்கும் ஏற்பாட்டை முடக்குகிறது, அதோடு இந்த அடக்குமுறையும் தளர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட செடியின் காயை உரித்தால், மஞ்சள் விதையில் மை சிந்தியது போலப் பழுப்பிலோ கறுப்பிலோ திட்டுகள் இருக்கும். அந்தத் திட்டு விழுந்த இடங்களில் துண்டுகள் இல்லை.